மாப்பிள்ளைக்கு மட்டும் மன்னிப்பா?

அன்புத் தங்கை இங்காவுக்கு,

அண்ணன் ஐனார் எழுதுவது. நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். உன் புருஷன் கிளைடின் நலத்தை நான் விசாரிக்கவில்லை, ஊரே விசாரிக்கிறது. எதிர்வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்காதே. உங்கள் படியை மிதிக்க எனக்கு மனசில்லை.

நீயே நியாயம் சொல். வேட்டைக்கு அனுமதியில்லாத காலத்தில் நானும் கிளைடும்தான் மான் வேட்டைக்குப் போனோம். ஒரே வண்டி, ஒரே பிளாஸ்க் காபி. அவர் சுட்ட மான் வேலிக்கு இப்பக்கம், மாநில நிலத்தில் விழுந்தது. நான் சுட்டது அப்பக்கம், மத்திய அரசின் தேசியப் பூங்காவில் விழுந்தது. இருவருக்கும் தண்டனை, இருவர் துப்பாக்கியும் போச்சு. இருவரும் ஆளுநருக்கு மனுப் போட்டோம். அவருக்கு மன்னிப்பு வந்தது, துப்பாக்கி திரும்பக் கிடைத்தது, ஆளுநர் கைகுலுக்கின படம் பேப்பரில் வந்தது. எனக்கு? வக்கீலம்மா ஹேசல் அப்போதே சொன்னாள்: "உங்களுது மத்திய அரசு கேஸுங்க. ஆளுநர் தொடவே முடியாது. அதிபர்தான் மன்னிக்கணும்."

"மானுக்கு அது தெரியுமாம்மா?"

"மானுக்குத் தெரிய வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

வாஷிங்டனுக்கு மனு போய் வருஷக்கணக்காச்சு, பதிலே இல்லை. நன்றித் திருநாளன்று அதிபர், வருஷா வருஷம் செய்கிற வழக்கப்படி, விருந்துக்கு வெட்ட வேண்டிய ஒரு வான்கோழியை மன்னித்து விட்டதை டிவியில் பார்த்தேன். அது எந்த வக்கீலை வெச்சுதாம்? நேத்து தெல்மாவோட பலகாரக் கடைக்குப் போனா, ஹக்கிள்பெரிப் பழம் வெச்சுச் சுட்ட பலகாரத்துல கிளைடுக்குப் பெரிய துண்டு வெட்டி வெச்சிருக்கா. எனக்கும் கேட்டேன். "அதிபர் சொல்லட்டும், வெட்டித் தரேன்" என்கிறாள்! கடையே சிரிச்சுது. உன் புருஷன் வேற, "மச்சான், வேட்டைக்கு வர்றீங்களா? துப்பாக்கிய நான் தூக்குறேன், காபிய நீங்க தூக்குங்க"ங்கிறார். ராத்திரி சோறு இறங்கலை எனக்கு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவருக்கு ஆளுநர் ஆசியே போதும்.

இப்படிக்கு,
மன்னிக்கப்படாத அண்ணன்,
ஐனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஹேசல் போன் பண்ணினாள். அதிபர் என்னை மன்னித்துவிட்டாராம்! ஆளுநர் இல்லை, அதிபர். கிளைடை உட்கார வைத்து நிதானமாகச் சொல்லு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் அவள், "உங்க மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லுங்க. பனியில வீடு வீடா ஏறி இறங்கி, உங்கள மன்னிக்கச் சொல்லி ஊர்க் கையெழுத்தெல்லாம் வாங்கி அதிபருக்கு அனுப்பினது அவர்தான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார்" என்றாள். மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு, இங்கா. மனுஷன் நல்லவராவும் இருந்து தொலைச்சா, நான் எப்படித்தான் பொறாமைப்படறது?