உரிமையாளரின் தேவைக்கேற்ப ஒரு குதிரை லாயம்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து கட்டடக் கலைக்காகப் பட்ட பாடு அனைத்தும் நீடாமங்கலத்தில்தான் வந்து பலித்தது என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், பிரியாணிக் கடையின் மாடியில், 'வளவன் அசோசியேட்ஸ் – உரிமையாளரின் தேவைக்கேற்ப' என்றொரு பலகை தொங்குகிறது. அதைப் படிக்காமல் ஊரைக் கடந்தவர் எவரும் இல்லை. கேட் அவ்வளவு நேரம் மூடிக் கிடக்கும்.

அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் பொறியாளர் வளவனின் மேதைமை இருந்தது. மற்ற பொறியாளர்கள் மண்ணைச் சோதிப்பார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். வளவன் உரிமையாளரின் முகத்தைப் பார்ப்பார்.

அவருடைய முதல் சாதனை, சொந்த ஊரின் நெல் கொள்முதல் நிலையம். அறுத்த நெல்லை விவசாயிகள் கொண்டுவந்து கொட்டி, அரசு வாங்கும்வரை காத்துக் கிடக்கிற இடம் அது. வளவன் முதலில் வரைந்த படத்தில் கூரை இருந்தது. அதைக் கட்டச் சொன்ன கொள்முதல் அலுவலகம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நெல்லு வந்து போற பொருள் சார். தங்குற பொருளுக்குத்தான் கூரை" என்று விளக்கியது. உரிமையாளரின் தேவை புரிந்துவிட்டது. வளவன் கூரையை அழித்தார். நெல் சிதறி வீணாகிவிடக் கூடாதே என்ற அலுவலகத்தின் கவலையைத் தீர்க்க, சிமெண்டுத் தளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஓர் அழகான சுவரை மட்டும் சேர்த்துக்கொடுத்தார். திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று வெயில் நன்றாக அடித்தது.

இப்படிப்பட்டவரைத் தேடி மூஸா பாய் வந்ததில் வியப்பில்லை. கத்தாரில் நெடுங்காலம் மளிகைக் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அங்கே ஒரு ஷேக் வீட்டுக் குதிரை லாயத்துக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடுவார். அந்தக் குதிரைகளுக்கு ஏசி இருந்தது. மூஸா பாய் தங்கியிருந்த அறைக்கு இல்லை. அப்போதே அவர் மனத்தில் ஒரு லாயம் எழும்ப ஆரம்பித்துவிட்டது.

வளவன் தமது புகழ்பெற்ற 'தேவை அறியும் நேர்காணலை'ப் பாயின் வீட்டுக் கூடத்தில் நடத்தினார்.

"சொல்லுங்க பாய், உங்க தேவை என்ன?"

"ரோட்டுல போறவங்களுக்குக் குதிரை தெரியணும் தம்பி."

"முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி."

"தரை பளபளன்னு இருக்கணும். ஷேக் வீட்டுல குனிஞ்சா நம்ம முகம் தெரியும்."

"கிரானைட்டு. குதிரை முகமும் தெரியும்."

"எம்மவன் இர்பான் துபாய்லேர்ந்து போன்ல பாக்கணுங்கறான்."

"மூணு கேமரா பாய். குதிரை நின்னா ஒண்ணு, படுத்தா ஒண்ணு."

"மூணாவது எதுக்கு?"

"குதிரைய நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்கள்ல, அதுக்கு."

மூஸா பாயின் கண்கள் கலங்கின. தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி கமருன்னிஸா மட்டும் தட்டைக் கீழே வைக்காமல் நின்றார். "குதிரைக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

வளவன் பொறுமையானவர். படிக்காதவர்களுக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "குதிரை உரிமையாளர் இல்லைங்கம்மா."

ஆவணியில் ஆரம்பித்த லாயம் ஐப்பசி பிறப்பதற்குள் எழும்பி நின்றது. வெள்ளம் வந்தாலும் ஏறாத உயரத்தில் தரை. ஒரு சொட்டு ஒழுகாத கூரை. வைக்கோல் பூசணம் பிடிக்காமலிருக்க நான்கு ராட்சத மின்விசிறிகள். ஷேக் வீட்டைப் போலவே ஏசி. வளவன் தம் தாயார் செந்தாமரையை அழைத்துவந்து காட்டினார். பிறர் வயலில் நடவு நட்டு மகனைப் படிக்கவைத்து, பிற்பாடு இரண்டு ஏக்கரைச் சொந்தமாக வாங்கிக் குறுவை போடுகிறவர் அவர். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுவாதா?"

"சொட்டு வராதும்மா."

"ம்" என்றார் செந்தாமரை. அவருடைய குறுவை நெல் அறுவடையாகி, மகன் கட்டிய கொள்முதல் தளத்தில்தான் அப்போது குவிந்து கிடந்தது. அந்த வருடத்துச் சாப்பாடு, உரக்கடைப் பாக்கி, அடுத்த நடவு எல்லாமே அந்தக் குவியல்தான். நெல்லை அளந்து பட்டியல் போடும் எழுத்தர் சதீஷ் காலையில்தான் ஈரம் பார்க்கும் மீட்டரைக் குவியலுக்குள் விட்டுப் பார்த்திருந்தார்.

"பத்தொம்பது காட்டுதுங்கம்மா. பதினேழுக்கு வந்தாத்தான் எடுக்க முடியும். காய வைங்க."

"வானம் மூடிக்கிட்டு நிக்கிதே தம்பி. எப்படிக் காயும்?"

"அது வானிலை டிபார்ட்மெண்டுங்கம்மா. நாங்க கொள்முதல்."

துறைகளுக்கிடையே இவ்வளவு தெளிவான வேலைப் பங்கீடு வேறெந்த நாட்டில் உண்டு?

மறுநாள் வேளாங்கண்ணியிலிருந்து குதிரை வந்து இறங்கியது. கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்த குதிரை. பெயர் ராக்கெட். கூடவே அதைப் பார்த்துக்கொள்ளும் ஜெக்கரியாவும் வந்தார். ஊரே திரண்டிருக்க, ராக்கெட் கிரானைட்டில் ஒரு குளம்பை வைத்தது. வழுக்கியது. குனிந்து பார்த்தால் கீழே இன்னொரு குதிரை நின்றது. ராக்கெட் குளம்பை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றுவிட்டது.

உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. வாசல் திசை சரியில்லை என்றார் ஒருவர். ஏசியைக் கூட்டி வைக்கலாம் என்றார் மூஸா பாய்.

"பீச்சுல யாராச்சும் போட்டோ எடுத்தாத்தாங்க நடக்கும்" என்றார் ஜெக்கரியா.

ஊரார் அத்தனை பேரும் செல்போனை எடுத்தார்கள். ராக்கெட் கழுத்தைத் திருப்பி அழகாக நின்றுகொடுத்தது. உள்ளே மட்டும் போகவில்லை.

"கட்டடத்துல ஒரு குறையும் இல்ல பாய். குதிரைக்குத்தான் இன்னும் பிடிபடல" என்று வளவன் தமது அறிக்கையை அளித்தார். ராக்கெட்டை வாய்க்கால் கரைப் பூவரச மரத்தில் கட்டினார்கள். அது நிம்மதியாக நின்றது.

மாலையில் தூற்றல் போட்டது. வளவனுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நெல்லு நனையப் போவுதுப்பா" என்றார் அவர். வாழ்நாளெல்லாம் பிறர் தேவையையே கேட்டுப் பழகிய வளவன், தயங்கித் தயங்கி மூஸா பாயின் முன்னால் போய் நின்றார்.

"பாய், எனக்கு ஒரு தேவை."

மூஸா பாய் விஷயத்தைக் கேட்டார். காலியாகக் கிடந்த லாயத்தைப் பார்த்தார். "குதிரைதான் போவமாட்டேங்குது. நெல்லாவது போவட்டும் தம்பி. கட்டுனது வீணாவக் கூடாதுல்ல" என்றார். பணக்காரர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், குதிரை ஒத்துழைத்தால்.

நெல் டிராக்டரில் வந்து கிரானைட்டில் பரவியது. நான்கு விசிறிகளும் சுழன்றன. துபாயிலிருந்து இர்பான் கூப்பிட்டான். "வாப்பா, குதிரை எங்க? ஒரு அம்மா காலால நெல்லக் கிளறிக்கிட்டிருக்காங்களே."

"அதான்டா இப்போதைக்கு" என்றார் மூஸா பாய்.

இரண்டு நாளில் நெல் காய்ந்தது. வளவன் போய் அழைத்ததும் சதீஷ் மீட்டரோடு வந்து பார்த்தார். பதினாறு. செந்தாமரை முகம் மலர்ந்தது.

"அருமை சார். ஆனா இங்கேர்ந்து எடுக்க முடியாது" என்றார் சதீஷ். "குதிரை லாயத்துல இருந்தா அது தீவனம். நிலையத்துல கொண்டாந்து கொட்டுனாத்தான் நெல்லு."

"கொட்டுனா உடனே எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார் செந்தாமரை.

"உடனே எடுத்துக்குவோங்கம்மா. சாக்கு வந்ததும்."

செந்தாமரை மகனைப் பார்த்தார். மகன் ஏதாவது பேசுவான் என்று நினைத்திருக்கலாம். வளவனோ சதீஷின் முகத்தைப் பார்த்தார். உரிமையாளரின் தேவை புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார்.

நெல் திரும்பவும் தளத்துக்குப் போனது. சாக்கு வரவில்லை.

ஆனால் லாயத்தில் ஓர் அற்புதம் நடந்தது. நெல்லை அள்ளிய தரையில் பதரும் வைக்கோல் தூசியும் படிந்து பளபளப்பை மூடியிருந்தன. ராக்கெட் எட்டிப் பார்த்தது. ஒரு குளம்பை வைத்தது. வழுக்கவில்லை, கீழே வேறு குதிரையும் இல்லை. நேராக உள்ளே போய்க் காலை மடக்கிப் படுத்துவிட்டது. ஊர் கைதட்டியது. மூஸா பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது மூன்றாவது கேமராவில் பதிவாகி, இர்பான் அங்கே அழுதான். வளவனுக்கு இன்னொரு பொன்னாடை வந்தது. போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. குதிரை மேல் ஒரு சொட்டு விழவில்லை.

வளவன் பொன்னாடையோடு கொள்முதல் நிலையத்துக்கு ஓடினார். நெல் சிதறாமலிருக்க அவர் கட்டிய அழகான சுவர், தண்ணீரையும் சிதறவிடவில்லை. தளம் தொட்டியாகியிருந்தது. நெல்லின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் மேல்மழையைத்தான் தடுத்தது. அடியில் நெல் மிதந்தது. செந்தாமரை கடப்பாரையை வைத்து மகன் கட்டிய சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாய்க்காலை நோக்கி ஓடியது, நெல்லையும் கூட்டிக்கொண்டு.

சதீஷ் குடையோடு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நல்லவேளை நீங்களே வந்தீங்க சார். மீட்டர் நனைஞ்சு போச்சு. மேலிடத்துல சொன்னேன், ரொம்ப வருத்தப்பட்டாங்க. மீட்டருக்கு உடனே ஒரு ரூம் கட்டணுமாம். கூரையோட."

வளவன் வாய் திறந்தார். என்ன கேட்க நினைத்தாரோ, வெளியே வந்தது பழகிய வார்த்தைதான்.

"கூரையா?"

"ஆமா சார். மீட்டர் தங்குற பொருளாச்சே."

கடப்பாரைச் சத்தம் நின்றது. செந்தாமரை நிமிர்ந்தார். கையில் ஒட்டியிருந்த ஈர நெல்லை உதறவில்லை.

"ஏம்ப்பா, இந்தத் தளம் போட்டப்ப, கூரை வேணுமா வேணாமான்னு உரிமையாளர்ட்ட கேட்டுத்தான போட்ட?"

"ஆமாம்மா. ஆபீஸ்ல கேட்டேன்."

"நெல்லு என்னுதுப்பா" என்றார் அவர். "எங்கிட்ட நீ கேக்கலியே."