இசக்கிமுத்து அண்ணாச்சியின் தகவல் பாதுகாப்பு

சென்னைப் பட்டணத்தில் கோட்டை ஒன்றுதான், அதுவும் கடற்கரை ஓரமாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் அடையாறு பக்கம் வந்ததில்லை. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி இசக்கிமுத்து அண்ணாச்சியின் வீட்டு வைஃபை இருக்கிறது. அதற்குள் இன்றைய தேதியில் எந்த எதிரியும் நுழைய முடியாது. சொல்லப்போனால், சொந்தக்காரர்களும் நுழைய முடியாது.

இந்த மகத்தான அரண் எழும்பக் காரணம் ஒரு கல்யாணம். தென்காசியில் நடந்த உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தை அண்ணாச்சி டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. தாலி அந்தரத்தில், ஐயர் வாய் திறந்தபடி. மறுபடி படம் ஓடியபோது எல்லோரும் பந்தியில் பாயசத்துக்கு வந்திருந்தார்கள்.

அன்று விருந்துக்கு வந்திருந்த மருமகன் மகேஷ், தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் 'தீர்வு நிபுணர்'. பிரச்சினை இல்லாத இடத்திலும் தீர்வு சொல்லக்கூடியவர். தன் போனில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"மாமா, உங்க வைஃபைல வெளியாள் யாரோ இருக்காங்க."

"என்ன மாப்ள சொல்லுதிய?" அண்ணாச்சி சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பாஸ்வேர்ட் என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும், வரிசையா."

"ரூட்டருக்குன்னு தனியா ஒரு அட்மின் பாஸ்வேர்ட் இருக்குமே, அதை மாத்தினீங்களா?"

"அதுக்கு வேற ஒண்ணு இருக்கா?"

மகேஷ் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். "மாமா, நீங்க வாசல் கதவைத் திறந்து போட்டுட்டு, உள்ள வாங்கன்னு கோலம் வேற போட்டு வச்சிருக்கீங்க."

சாப்பாட்டு மேசையில் 'பாதுகாப்புக் குழு' கூடியது. ரூட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. அட்மின் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது. வைஃபைக்கு எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, பார்த்தால் கண் வலிக்கும்படி ஒரு கடவுச்சொல் உருவானது. அதை அண்ணாச்சி யாருக்கும் சொல்வதில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. வாக்கு ஒன்று, அது அண்ணாச்சியுடையது.

"வர்றவங்களுக்குன்னு தனியா ஒரு நெட்வொர்க் திறந்து வைக்கலாம் மாமா. நம்ம போன், டிவியை அது தொடாது" என்றார் மகேஷ்.

"வர்றவங்களுக்குக் காபி போதும் மாப்ள."

வெளியாள் யார் என்பதும் அகப்பட்டது. வீட்டு வேலைக்கு வரும் ஜோதிலட்சுமியின் போன். ஆற்றோரத்தில் இருந்த அவள் குடிசையை அரசாங்கம் அகற்றி, தொலைவில் கண்ணகி நகரில் வீடு கொடுத்துவிட்டது. அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அம்மாவை, பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் அவள் வீடியோவில் பார்த்துக்கொள்வாள். பாஸ்வேர்டைக் கொடுத்ததே அண்ணாச்சியின் மனைவி சண்முகவடிவுதான்.

"இன்னா சார், ஒன் நெட்டை நா மூட்டை கட்டியா தூக்கினு போய்ட்டேன்? எங்கம்மா மூஞ்சியத்தான பாத்துக்கினு கீறேன்!"

"அம்மாவைப் பாரு, வேண்டாங்கலை. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி. "ஒரு குடும்பத்துத் தகவல் அந்தக் குடும்பத்தோட சம்மதம் இல்லாம ஒரு இம்மி வெளிய போகப்படாது. அது மானப் பிரச்சினை."

ஜோதிலட்சுமி குழாயைத் திறந்தாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

இவ்வளவு தெளிவு வந்துவிட்ட மனிதரை மகேஷ் சும்மா விடுவாரா? அடுத்த வாரமே கடைக்கு வந்து, தன் கம்பெனியின் 'டேட்டா வேர்ஹவுஸ்' பற்றி எடுத்துச் சொன்னார்.

"அதாவது தகவல் கிடங்கு மாமா."

"கிடங்குன்னா மாதவரம் பக்கமா? லோடுமேன் கூலி யாரு குடுக்குது?"

"லோடுமேனே கிடையாது. பில், ஸ்டாக், வாடிக்கையாளர் விவரம்னு தனித்தனியா கிடக்கறதைச் சுத்தம் பண்ணி ஒரே இடத்துல அடுக்கிடுவோம். மேல ஒரு அலசல் கருவி. எந்தப் பக்கம் வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம். மாடிவாரியா, மாசவாரியா, ஆள்வாரியா."

"புடவையை உதறிக் காட்டுத மாதிரி" என்றார் அண்ணாச்சி. கண்ணில் ஒளி வந்தது.

கிடங்குக்குச் சரக்கு வேண்டுமே! கடையில் 'இலவச வைஃபை' திறக்கப்பட்டது. அதில் நுழையப் பெயரும் போன் நம்பரும் போதும். மீதியை பில் போடும் இடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கினார்கள்: பிறந்தநாள், கல்யாணநாள், கணவர் வயது, வீட்டில் எத்தனை பேர். சேர்ந்த சரக்கு நகைக்கடை, சமையல் கான்ட்ராக்டர், இன்னும் பெயர் தெரியாத பல 'கூட்டாளிகளுடன்' பகிர்ந்துகொள்ளப்பட்டது.

ஆறு மாதம் கழித்து, முதல் அலசல் கூட்டத்தில் வண்ண வண்ணமாகப் படம் போட்டு, மகேஷ் ஒரு பேருண்மையை வெளியிட்டார்: தீபாவளிக்கு முன்னால் துணி விற்பனை கூடுகிறது. சிப்பந்திகள் கை தட்டினார்கள். இரண்டாவது கூட்டத்தில், கணவருக்கு அறுபது நிறையப்போகும் பெண்களைக் கருவி தனியே பிரித்துக் கொடுத்தது. எல்லோருக்கும் செய்தி பறந்தது.

சில நாள் கழித்து, மயிலாப்பூரிலிருந்து ஜானகி என்றோர் அம்மாள் கடைக்கு வந்தார். கல்லாவுக்கு எதிரே நின்றார். அண்ணாச்சி நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எங்காத்துக்காரர் போய் நாலு மாசம் ஆறது. போனை எடுத்தா, 'உங்கள் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை'ன்னு உங்க கடைலேர்ந்து வந்துண்டே இருக்கு. அப்புறம் நகைக்கடை. அப்புறம் சமையல்காரா. நேத்திக்கு ஒருத்தன் மாலைக்கு அளவு கேக்கறான். அவர் வயசு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க சொல்லியிருப்பியம்மா."

"நான் சொல்லலை." அவர் குரல் தாழ்ந்தது. "பில் போடற இடத்துல அவர்தான் சொன்னார். யார் எது கேட்டாலும் சொல்லிடுவார். அப்படி ஒரு மனுஷர்."

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து நின்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, வியாபாரி. உடனே மகேஷைப் போனில் பிடித்தார்.

"மாப்ள, இந்தம்மா விவரத்தை அழிச்சிருங்க."

"வேர்ஹவுஸ்ல அழிக்கிற வழக்கம் இல்லை மாமா. வரலாறு போயிடும். வேணும்னா புதுசா ஒரு வரி சேர்க்கலாம்."

"என்ன வரி?"

"அந்தம்மா சொன்னதை."

"சேருங்க" என்றார் அண்ணாச்சி. பிறகு ஜானகியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். "சரி பண்ணியாச்சும்மா. இனிமே அறுபதாம் கல்யாணம்னு ஒரு வார்த்தை வராது. இது என் வாக்கு."

ஜானகி தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். ஒரு குடும்பத்தின் துயரத்தைத் தீர்த்துவைத்த நிறைவோடு அண்ணாச்சி அன்று காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

அவர் கொடுத்த வாக்கை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. அறுபதாம் கல்யாணச் செய்தி அந்த அம்மாளுக்கு அதன்பின் வரவே இல்லை. கருவி புது வரியை அலசியது. கணவர்: இல்லை. வீட்டில் ஆட்கள்: ஒருவர். குறுகிய காலத்தில் மறுபடியும் கடைக்கு வந்ததால், 'விசுவாசமான வாடிக்கையாளர்'. வெள்ளிக்கிழமை காலை, கபாலி கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜானகிக்குச் செய்தி வந்தது: "மதிப்பிற்குரிய ஜானகி அவர்களே, உங்களுக்கென்றே வெளிர்நிறப் புடவைகள் வந்திறங்கியுள்ளன."

அவர் போனைக் கீழே வைப்பதற்குள் அது அடித்தது. முன்பின் தெரியாத ஆண் குரல்.

"மேடம், நீங்க வீட்டுல தனியாத்தான் இருக்கீங்களாமே?"

"யாரு நீ? உனக்கு யார் சொன்னா?"

"தி.நகர் ஜவுளிக்கடைலேர்ந்து வந்துச்சு மேடம்" என்றது குரல், ஆறுதல் சொல்வதுபோல. "பயப்படாதீங்க, தகவல் எல்லாம் ரொம்பப் பாதுகாப்பா இருக்கு."