சங்கிலியார் போட்ட பதினாலு நாள் கணக்கு

காஞ்சிபுரம் தாலுகாவில் சங்கிலியாரின் கால் அளக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது ஏகாம்பரநாதர் கோபுரத்துக் கலசமாகத்தான் இருக்க வேண்டும். மற்றபடி ஏரி, கழனி, சுடுகாடு, தேர் ஓடும் வீதி, எங்கள் தாசில்தார் வீட்டு வராந்தா எல்லாமே அவர் எட்டு வைத்து அளந்தவைதான். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு நாள் காய்கறி வாங்கப் போயிருக்க வேண்டும். கூட வருகிறவர் பேசுவது எதுவும் அவர் காதில் விழாது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். கடை வந்ததும் எத்தனை எட்டு என்று அறிவித்துவிட்டுத்தான் கத்தரிக்காயைப் பார்ப்பார்.

அறுபதுகளின் நடுவில் நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். அவர் அங்கே செயின்மேன். அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சேற்றிலும் முள்ளிலும் ஓடுகிற உத்தியோகம். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. நாங்கள் யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. ஐம்பது வயது, ஐந்தடி உயரம், ஊதினால் பறந்துவிடும் போல உடம்பு. ஊர் திருப்பருத்திக்குன்றம், சமணக் குடும்பம். அந்த ஊர்ப் பெயரில்தான் குன்றம் இருக்கிறது. ஊரில் தேடினாலும் கிடைக்காது. மலை என்பதை அவர் காலண்டரில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

ஆனால் அவர் அளவு தப்பாது. எங்கள் தெருவில் நெசவாளர்கள் காலை வேளையில் மூன்று புடவைக்கான பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரிசெய்வார்கள். ஒரு நாள் சங்கிலியார் அதன் ஓரமாக நடந்துபோனார். முனையில் நின்றவரிடம், மூன்றாவது புடவைக்கு முந்தானை முழுசாக வராது, ஒரு முழம் குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவுக்குச் சொந்தக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தறியில் மூன்றாவது புடவைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பாவு நீட்டினால், சங்கிலியார் ஒரு நடை நடந்துவிட்டுப் போகட்டும் என்று டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வாலாஜாபாத் பக்கம் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. சங்கிலி ஒரு அளவு காட்டியது, இவர் கால் வேறு அளவு காட்டியது. சர்க்கார் சங்கிலி பொய் சொல்லுமா என்று எங்கள் பெரிய சர்வேயர் அதட்டினார். சங்கிலியார் தன் பாதத்தைத் தூக்கிக் காட்டி, "என் காலு தேயலிங்க. சங்கிலிதான் தேஞ்சிருக்குது" என்றார். அலுவலகத்துக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தால், வளையமெல்லாம் தேய்ந்து சங்கிலி அரையடி நீண்டு கிடந்தது. அன்றிலிருந்து பெரிய சர்வேயர் தன் கண்ணைக்கூட நம்பமாட்டார், சங்கிலியாரின் காலை நம்புவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமண முறைப்படி சங்கிலியார் பொழுது சாய்ந்தபின் வாயில் பச்சைத் தண்ணீர்கூட விடமாட்டார். காலையிலும் சூரியன் நன்றாக மேலே வந்தபிறகுதான் சாப்பாடு. வெங்காயம் கிடையாது, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு கிடையாது, நேற்றுச் சமைத்தது கிடையாது. ஒரு தடவை மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி வயலில் நிற்கிறார். சாயங்காலம் ஐந்தரை. சங்கிலியார் கையிலிருந்த முனையை வரப்பில் ஒரு கல்லை வைத்து அழுத்திவிட்டு, தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பதினைந்து நிமிஷம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் இமயமலைக்கு நாள் கணக்குப் போட்டார்.

ஆசை பெரிய சர்வேயருடையது. கங்கை புறப்படுகிற கோமுகத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெருத்த சரீரம். வேளைக்கு மூன்று உருண்டை தயிர்ச்சாதம் மட்டும் தனிக் கணக்கு. முழங்கால் இரண்டும் வயல் வயலாக அலைந்து தேய்ந்துவிட்டன. ஓய்வு பெற்றபின் நிதானமாகப் போகலாமே என்று சொன்னவர்களிடம், இந்த முட்டி அடுத்த வருஷம் ஏகாம்பரநாதரையே சுற்றிவராது, இந்தப் புரட்டாசியை விட்டால் எனக்குக் கங்கை இல்லை என்றார். 

துணைக்கு நானும் சங்கிலியாரும். எனக்கு வடநாடு பார்க்கிற ஆசை. சங்கிலியாருக்கு வேறு காரணம். அவர்களுடைய ஆதிநாதர் முக்தி அடைந்தது கைலாயத்தில். சீனச் சண்டைக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுக் கிடந்தது. பனிமலைக்கு இந்தப் பக்கம் நின்றாவது அந்தத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும் என்றார். உங்கள் சாமியும் அங்கேதானா என்று சர்வேயர் கேட்டார். எங்களவர் முன்னாடியே போய்விட்டார் என்று சங்கிலியார் சொல்ல, மதச் சண்டை அத்தோடு முடிந்தது.

கிடைத்த லீவில் ரயிலும் பஸ்ஸும் விழுங்கியது போக, நடைக்குப் பதினாலு நாள் மிஞ்சியது. பஸ் விடுகிற இடத்திலிருந்து போக எழுபது மைல், வர எழுபது மைல். பதினாலு நாள் போதுமா? தலைமை குமாஸ்தா ஒரு மாசம் ஆகும் என்றார். காசிக்குப் போய்வந்த ஒருவர் மூன்று மாசம் என்றார். அவர் காசியைவிட்டு வெளியே போனதில்லை. சங்கிலியாரோ கோயிலுக்கு வந்திருந்த வடநாட்டுச் சாமியார் ஒருவரைப் பிடித்து, அரை டஜன் வாழைப்பழம் கொடுத்து, எந்தத் தங்கும் கடையிலிருந்து எந்தக் கடை எத்தனை மைல் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சர்வேயர் தோளில் பத்துப் படி அரிசியை ஏற்றி, ஐயம்பேட்டைப் பக்கத்து ஏரிக்கரையில் ஏறவைத்து இறங்கவைத்து, தினம் அதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். ஒரு வாரத்தில் ஏரிக்கரை தேய்ந்தது, சர்வேயர் தேயவில்லை.

கடைசியில் அளவுப் புத்தகத்தில் கோடு போட்ட தாளை மேஜைமேல் வைத்தார். "போக ஏழு. வர அஞ்சு. கையில ரெண்டு. பதினாலு நாளுங்க, அதுக்கு மேல ஒரு பொழுது ஆவாது." நாள் ஒன்றுக்குப் பத்து மைல், காலை ஏழுக்குச் சாப்பாடு, மாலை ஐந்தரைக்குச் சாப்பாடு என்று எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. சர்வேயர் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதல் நாள் நடையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை, அடியில் ஆறு, ஆற்றோரம் பாதை. எங்கள் ஊரில் ஆறு மணிக்கு மறைகிற சூரியன் இங்கே மூன்று மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் போய்விட்டது. காலையில் ஒன்பதுக்குத்தான் தலையைக் காட்டியது. சங்கிலியாருக்குச் சூரியன் வந்தபின் ஒரு சமையல், போவதற்குள் ஒரு சமையல்.

வழியில் இருந்த கடைகளில் அரிசி பருப்பு வாங்கினால் அடுப்பும் பாத்திரமும் தருவார்கள். சமையல்காரர் சங்கிலியார்தான், ஏனென்றால் மற்றவர் கைச் சமையலில் கிழங்கு புகுந்துவிடும். அந்த மலையில் காய் என்று கிடைத்ததே உருளைக்கிழங்கு ஒன்றுதான். ஈர விறகை ஊதி ஊதிப் பருப்பு வேகவைத்து, சாப்பிட்டுப் புறப்படக் காலை பத்தரை. ஒன்றரைக்கு மறுபடி ஏதாவது கடையில் நின்று அடுப்பு மூட்ட வேண்டும். இரண்டே முக்காலுக்குச் சாப்பாடு முடியும். வெளிச்சம் இருக்கிறதே, மேலே நடக்கலாம்தான். ஆனால் சாப்பிட்ட சர்வேயரை எழுப்பி நிறுத்த அலுவலகமே வர வேண்டும். மூன்று நாளில் முப்பது மைல் போயிருக்க வேண்டும். போனது பதினாலு.

மூன்றாம் நாள் மதியம் சர்வேயர் வாதாடிப் பார்த்தார். "சூரியன் எங்கயும் போவலய்யா. மலைக்கு அந்தாண்ட இருக்குது. ஊர்ல இந்நேரம் வெயில் கொளுத்தும்."

"கண்ணுக்குத் தெரியலிங்களே ஐயா. தெரியாதத நான் அளந்ததே இல்ல."

அவர் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டிருந்தால்கூட, மலை மறைப்பதை அஸ்தமனம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சங்கிலியாருக்கு அவர் காலும் அவர் கண்ணும்தான் சாட்சி. சர்வேயர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. என்னிடம் மட்டும் தனியாக, கங்கைதானே, இங்கே ஓடுவதும் அதே தண்ணீர்தான், இங்கேயே முழுகிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார். சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷ ஆசையை அப்படித்தான் மூட்டை கட்டினார்.

மறுநாள் விடியும்போது சங்கிலியார் பாதையை அடைத்துக்கொண்டு நின்றார். கையில் அந்தத் தாள்.

"ஐயா, தப்பு என்னுது. ஏரிக்கரைய சேத்தேன், உங்க முட்டிய சேத்தேன், மழைய சேத்தேன். மலைய கணக்குல வுட்டுட்டேன்."

இமயமலைக்குப் போட்ட கணக்கில் மலையை விட்ட ஒரே மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் அளவு தப்பியது அதுதான் முதல் தடவை. வாலாஜாபாத்தில் சங்கிலியைக் குற்றம் சொன்னவர் இங்கே சூரியனையோ சாமியாரையோ குற்றம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனிமேல் தனக்கு ஒரே வேளை என்றார். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது ஒரு சமையல். மற்றபடி விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நடை. நாங்கள் இருவரும் சாயங்காலம் கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். சர்வேயர், இந்தக் குளிரில் இந்த உடம்பு ஒரு வேளைச் சோற்றில் தாங்குமா என்று கத்தினார். சங்கிலியார் அதற்குள் முப்பது எட்டு முன்னால் போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சர்வேயர் ரொட்டியும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு, சங்கிலியார் கண்ணில் படாமல் கடைக்குப் பின்னால் போய் நின்று சாப்பிட்டார். எருமை ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அதன் பார்வையே சரியில்லை என்றார். அடுத்த நாள் சாயங்காலம் ரொட்டிக்குப் போகவில்லை. எனக்கும் ஒரே வேளை போதும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வேளைக்கு மூன்று உருண்டை சாப்பிட்ட மனிதர்! அந்த வயிறு இரவெல்லாம் போட்ட சத்தத்தில் கங்கையின் சத்தம் கேட்கவில்லை. ஆனால் வயிறு லேசானதில் முட்டி வலி பாதியானது என்று பட்டினியின் மூன்றாம் நாள் அவரே ஒப்புக்கொண்டார். நான் மட்டும் தினம் ரொட்டி சாப்பிட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒன்பதாம் நாள் கோமுகம் போய்ச் சேர்ந்தோம். கையில் வைத்திருந்த இரண்டு நாளும் வழியிலேயே கரைந்திருந்தது. பனிப்பாறை வாயைத் திறந்து ஆற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சர்வேயர் அந்தத் தண்ணீரில் முழுகி எழுந்தபோது வாயில் சிவன் பெயர் வரவில்லை, பல் அடிக்கிற சத்தம்தான் வந்தது. அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். சங்கிலியார் மடியிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். கிழக்கே, கொஞ்சம் வடக்கே தள்ளித் திரும்பி நின்றார். எதிரே பனிச் சுவர் தவிர ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக் கை கூப்பினார். உதடு அசையவில்லை. அவர் எதையும் எண்ணாமல் நின்றதை நான் பார்த்தது அப்போதுதான்.

இறக்கத்தில் ஐந்தே நாள். பதினாலாம் நாள் மாலை பஸ் நிற்கிற இடத்தில் இருந்தோம்.

அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பாதி இளைத்துப்போயிருந்த சர்வேயர் மேஜையைத் தட்டி, சங்கிலியார் பதினாலு என்றார், பதினாலாம் நாள் திரும்பினோம் என்று முழங்கினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சங்கிலியார் குறுக்கே கையை நீட்டி, கணக்குத் தப்பு, மலை விட்டுப்போச்சு என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். தலைமை குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. அப்புறம் எப்படி அதே நாளில் வந்தீர்கள் என்று கேட்டார்.

"அது கணக்கு இல்லிங்க. பட்டினி."

சொல்லிவிட்டு, தூசி படிந்த அளவுச் சங்கிலியை எடுத்துத் துடைக்கப் போய்விட்டார்.

தன் விரதத்தையும் விடாமல், அடுத்தவர் ஆசையையும் விடாமல், தப்பையும் மறைக்காமல் ஒரு மனிதர் நடந்தார். அவருக்குப் பின்னால் நானும் நடந்தேன் என்பதுதான் என் வாழ்க்கையில் நான் வெளியே சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. வெளியே சொல்லாதது ஒன்று உண்டு. அத்தனை சாயங்காலமும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றவன் நான். அவர் ஒரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே என் தட்டைப் பார்த்து, "சூடா குடுத்தானாப்பா?" என்றுதான் கேட்பார்.