ஐஸ் பாயின் இரண்டாவது தட்டு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜாஸ் கேட்கிற ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் ஐஸ் கம்பெனியில் இருந்தார். இல்லை என்பவர்கள் இன்னொருவரைக் கூட்டி வரட்டும். நான் மீன் வண்டி ஓட்டுகிறவன். மாவட்டத்தில் நான் போகாத ரோடு இல்லை. இன்னொருவரைப் பார்த்ததில்லை.

அவருக்கு ஐஸ் பாய் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்த்தார். மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டுக் கயிறு கட்டுவதும் அவர்தான். அவர் முடிச்சுக்கு ஏலக்கொட்டகையில் மரியாதை உண்டு. நல்ல மீனுக்குத்தான் பாய் தன் தனி முடிச்சைப் போடுவார் என்று பேச்சு.

அதற்கு முன் துபாயில் ஏசி மெக்கானிக். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீட்டில் ஏசி ரிப்பேர். அரை நாள் வேலை. பாய் நாள் கணக்கில் பார்த்தார். காரணம், ஹாலில் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரியவரே சொல்லிவிட்டாராம், ஏசி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, வந்து கேட்டுவிட்டுப் போ என்று. ஊரைக் காலி செய்து போகும்போது பிளேயரையும் கொஞ்சம் தட்டுகளையும் பாயிடமே கொடுத்துவிட்டார்.

பாய் ஊர் திரும்பிய அன்று வீடே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. திறந்தார். போர்வை இல்லை. சென்ட் இல்லை. தங்கம் இல்லவே இல்லை.

"என்னங்க இது?" என்று கேட்டிருக்கிறார் வீட்டம்மா.

"ஜாஸு."

"வீட்டுல கல்யாணத்துக்கு ஒரு கொமரு இருக்கு. அது கழுத்துல இதப் போட முடியுமா?"

ஒரு வாரம் அவருக்குச் சோறு வந்தது. ஆணம் வரவில்லை. குழம்பைத்தான் அவர்கள் ஆணம் என்பார்கள்.

வீட்டுக்குக் கூரை சிமெண்டு சீட்டு. முதல் கோடையிலேயே ஒரு தட்டு வளைந்து குழம்புச் சட்டியாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மய்யத்து விழுந்த வீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மறுநாள் எல்லாவற்றையும் ஐஸ் கம்பெனியின் பக்கத்து ரூமுக்கு மாற்றினார். அங்கே எப்போதும் குளுகுளு என்று இருக்கும். தட்டுகளில் அமோனியா வாடை ஏறிவிட்டது. முதலாளி அந்த பிளேயரை மெஷின் சாமான் என்று நினைத்திருந்தார். ஒருமுறை அதற்கு ஆயில் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றார் பாய்.

அப்புறம் தேட ஆரம்பித்தார். காயலான் கடை, இடிக்கிற வீடு, எங்கே போனாலும் பார்வை தட்டைத் தேடும். வண்டியில் போகிற எனக்கும் பயிற்சி கொடுத்தார். பாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். அதனால் அட்டைப் படத்தை வைத்து ஒரு கணக்கு.

"சிரிச்சிக்கிட்டு இருந்தா வாங்காத மாப்ளே. கண்ண மூடி வேர்த்துப் போயிருந்தா வாங்கு."

ஆலங்குடியில் ஒரு கடையில் நன்றாக வேர்த்த ஒருவன் கிடைத்தான். வாங்கி வந்தேன். போட்டால் ஒரு வெள்ளைக்காரன் ஒன் டூ த்ரீ என்று எண்ணிக்கொண்டே இருக்கிறான். அது உடற்பயிற்சித் தட்டு. பாய் கடைசிவரை கேட்டார். "தாளம் சுத்தமா இருக்கு" என்றார்.

அவரிடம் இருந்ததில் உயிரான தட்டு ஒன்று. மேடைக் கச்சேரியைப் பிடித்த தட்டு. அட்டையில் சிவப்புத் திரை, நடுவில் டிரம் செட். அட்டைக்கு இரண்டு பை. ஒரு பையில் தட்டு, இன்னொன்று காலி. முதல் தட்டின் கடைசியில் ட்ரம்பெட்காரன் வாசிப்பதை நிறுத்திவிடுவான். டிரம்காரன் தனியாக அடித்துத் தள்ளுவான். கூட்டம் கத்தும். இதோ ட்ரம்பெட் வரப்போகிறது என்று நாம் நிமிரும்போது தட்டு முடிந்துவிடும். மீதி இரண்டாவது தட்டில்.

"அவன் திரும்பி வந்தானா இல்லையா மாப்ளே?" வருஷக்கணக்கில் இதுதான் அவர் கேள்வி. நோன்புக் கஞ்சி குடிக்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்.

போன கோடையில் பொன்னமராவதிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் அந்தச் சிவப்புத் திரையைப் பார்த்தேன். போனில் படம் எடுத்து அனுப்பினேன். பாய் திருப்பி அழைத்தார். "ஒன்னும் பேசிறாத. நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் காலை லோடை இறக்கிவிட்டு இருவரும் போனோம். கடைக்குப் பின்னால் டிரில் மெஷின் சத்தம். கடைக்காரர் பழைய தட்டுகளை ஓட்டை போட்டு, முள் வைத்து, சுவர்க் கடிகாரமாக்கி ஓட்டல்களுக்கு விற்கிறார். சிவப்புத் திரை அட்டை தரையில் கிடந்தது. இரண்டு பையும் காலி. அதில் இருந்த ஒரு தட்டு சுவரில் மணி காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று டிரில்லுக்கு அடியில்.

பாய் ஓடவில்லை. நேராகப் போய் மெஷினுக்கும் தட்டுக்கும் நடுவில் கையை வைத்தார்.

"யோவ், கை போயிரும்" என்றார் கடைக்காரர்.

"போகட்டும். மொதல்ல நிப்பாட்டுங்க."

நிறுத்தினார்கள். பாய்க்கு எண் தெரியும். அவரிடம் இருந்த தட்டில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. கடிகாரத்துக்கிட்டே போய்ப் பார்த்தார். அதில் ஒன்று போட்டிருந்தது. டிரில்லுக்கு அடியில் கிடந்ததைத் திருப்பினார். மூன்று. என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சொல்லிக் காட்ட முடியாது.

சட்டைப்பையில் இருந்த பணத்தை எல்லாம் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். எண்ணவில்லை.

அதற்குப் பிறகுதான் தொல்லை. வெளியே அக்னி நட்சத்திர வெயில். வண்டிக் கேபினில் ஸ்டீயரிங் தொட முடியவில்லை. கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் இதுவும் குழம்புச் சட்டிதான். பின்னால் காலிப் பெட்டிகள் இருந்தன. ஒரு தெர்மாகோல் பெட்டியில் காலை ஐஸ் மீதம் இருந்தது. பாய் அதைப் பார்த்தார்.

"மீனு கெடாம போகுதுல்ல. இது மட்டும் கெட்டுருமா?"

"நனைஞ்சிராதா பாய்?"

"நீ வண்டிய மட்டும் ஓட்டு."

தட்டைப் பாலிதீனில் பல சுற்று சுற்றினார். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தார். கீழே ஐஸ், மேலே ஐஸ். மூடிக் கயிறு போட்டு, கைப்பழக்கத்தில் அவருடைய முடிச்சையே போட்டார். வழியெல்லாம் பள்ளம் வரும்போது என் தொடையைப் பிடித்தார். அறந்தாங்கி தாண்டுவதற்குள் தொடை கன்றிவிட்டது.

ஊர் வந்ததும் பாய் அசர் தொழப் போனார். நான் கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். ஒரு டீதான். திரும்பி வந்தால் வண்டி காலி. லோடுமேன்கள் தினம் செய்கிற வேலையைச் செய்துவிட்டார்கள். காலிப் பெட்டிகள் ஒரு பக்கம். கட்டின பெட்டி ஏல வரிசையில்.

எங்கள் கொட்டகையில் சாயங்கால ஏலத்தில் பெட்டியைப் பிரிக்கமாட்டார்கள். பிரித்தால் ஐஸ் இளகும். முடிச்சைப் பார்த்து, தூக்கிப் பார்த்து விலை கேட்க வேண்டியதுதான். வரிசைக்கு வந்த பெட்டி ஏலம் போகாமல் நகரக்கூடாது.

பாய் தொப்பியோடு ஓடி வந்தார். ஏலக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். "அது மீனு இல்லண்ணே. என் சாமான்."

"போன மாசம் ஒருத்தன் மாமியாவுக்கு மருந்துன்னு சொல்லி சிங்கி றாலத் தூக்கிட்டுப் போனான். நீங்களுமா பாய்?"

"வேணும்னா பிரிச்சுப் பாருங்க" என்றேன் நான்.

பாய் என்னை முறைத்தார். கொட்டகையின் மேலே தகரம். அடுப்பு மாதிரி காந்தியது. "இந்த வெக்கையில பிரிச்சா பட்டுனு விரிசல் விட்டுரும். நான் ஏலத்துலயே எடுத்துக்கிறேன்" என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஐஸ் பாய் தன் முடிச்சுப் போட்ட பெட்டியைத் தானே ஏலம் கேட்டால் கொட்டகை என்ன நினைக்கும்? உள்ளே என்ன மீன் என்று அவருக்குத்தானே தெரியும். டீக்கடையில் நின்றவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆலங்குடி அக்கா முன்னால் வந்து நின்றார். ஆலங்குடி சந்தையில் மீன் விற்கிறவர். அவர் ஒரு பெட்டியைக் கேட்க ஆரம்பித்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள்.

"என்ன பாய், வஞ்சிரமா?"

"இல்லக்கா. தட்டு."

"தட்டுன்னு ஒரு மீனா? எங்கிட்டயேவா?"

பாய் கேட்டார். அக்கா ஏற்றினார். பாய் ஏற்றினார். அக்கா வெற்றிலையைக் கன்னம் மாற்றிக்கொண்டு ஏற்றினார். பாயின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பை காலி என்று எனக்குத் தெரியும். என் பையிலும் டீ குடித்த மிச்சம்தான். பாய் வாட்ச்சைக் கழற்றினார். ஏலக்காரர் வாட்ச் செல்லாது என்றார்.

பெட்டி அக்காவுக்கு முடிந்தது.

அக்கா அரிவாளால் கயிற்றை அறுத்தார். ஐஸை வாரிக் கொட்டினார். பலகை. பாலிதீன். அதற்குள் கருப்பாக, வட்டமாக.

"இது என்னது, தோசக்கல்லா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் முகம் அப்படி இருந்தது. அவர் தட்டை வெளியே எடுத்தார். கை முழுக்க மீன் செதில்.

"ஓரத்தப் புடிங்கக்கா. ஓரத்த மட்டும்." பாய் இரண்டு கையையும் கீழே ஏந்தினார்.

"இதுக்கா மனுசன் இம்புட்டு ஏறுனீங்க? பாட்டா இது?"

"பாதிப் பாட்டு. மீதி எங்கிட்ட இருக்கு. ஒருத்தன் வாசிச்சுக்கிட்டே இருந்து நிப்பாட்டிட்டான். திரும்ப வந்தானான்னு தெரியல. இதுலதான் இருக்கு."

அக்கா தட்டைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு ஓரத்தை மட்டும் பிடித்து, பிள்ளையைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார்.

"வரலைன்னா வந்து சொல்லுங்க. நானே போயி இழுத்துட்டு வாரேன்." ஏலக்காரர் பக்கம் திரும்பினார். "ஏலத்த அழிச்சிருங்கண்ணே. பாய், இனிமே எனக்குத்தான் மொத ஐஸு."

பாய் தலையை ஆட்டினார்.

எனக்கு அக்காவின் லோடு இருந்தது. ஆலங்குடி போய் இறக்கிவிட்டு வந்தாக வேண்டும். பாய் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு நடந்தார். நான் வண்டியில் போகும்போது நினைத்துக்கொண்டேன், இந்நேரம் கேட்டு முடித்திருப்பார், விஷயம் தெரிந்திருக்கும் என்று. வழியெல்லாம் வண்டியை விரட்டினேன்.

நன்றாக இருட்டிய பிறகுதான் திரும்பினேன். ரூமில் பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டு பிளேயரில் இருந்தது. துடைத்துப் பளபளப்பாக இருந்தது. ஊசி மேலேயே நின்றது.

"என்ன பாய், வளைஞ்சு போச்சா?"

"லேசா."

"அப்ப ஏன் போடல?"

"நீ வரலையே."

பக்கத்தில் இன்னொரு நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. உட்கார்ந்தேன். ஊசியை வைத்தார். ஊசி படகு மாதிரி ஏறி இறங்கியது. டிரம்காரன் விட்ட இடத்திலிருந்து அடித்தான். அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். பாய் என் தொடையைப் பிடித்தார். கூட்டம் கத்தியது. அப்புறம் அந்த ட்ரம்பெட், தூரத்திலிருந்து நடந்து வருகிறவன் மாதிரி, மெல்ல உள்ளே வந்தது.

"வந்துட்டான் மாப்ளே" என்றார்.

எனக்கு ஜாஸ் ஒன்றும் புரியாது, அது அவருக்கும் தெரியும்; தெரிந்தும் அந்த ட்ரம்பெட்காரனை, நான் ஆலங்குடி போய் வரும்வரை, மேடைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்.