தவிட்டண்ணையின் நாற்பது பிரெஞ்சுச் சொற்கள்

மொன்ட்ரியாலில் என்னைப்போல வலி தாங்குகிறவன் கிடையாது. சும்மா சொன்னேன், ஊசியைக் கண்டாலே தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவன் நான். ஆனால் எங்கள் தவிட்டண்ணையைப்போல வெட்கமே இல்லாத மனிதர் இந்த நகரத்தில் இல்லை என்பது சத்தியம்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். சேர்ட் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் கோதுமைத் தவிடு. படியில் ஆளைக் கண்டால் மற்றவர்கள் "சாப்பிட்டாச்சோ?" என்பார்கள். இவர் "வெளியால போனனியோ?" என்பார். கக்கூசுக்குப் போனாயா என்று அர்த்தம். செத்தவீட்டிலும் அதே கேள்விதான். பெட்டிக்குள் கிடப்பவரை மட்டும் விட்டுவிடுவார்.

எனக்குச் சலரோகத்தில், அதுதான் சர்க்கரை வியாதியில், கால் நரம்பு கெட்டு, பாதம் நெருப்பாய் எரிந்தது. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவனுக்கு நிற்க முடியாவிட்டால் வேலை இல்லை. கிளினிக்கில் நரம்புவலிக் குளிசை தந்தார்கள். எரிவு தணிந்தது, வயிறு பூட்டிக்கொண்டது. ஐந்து நாட்கள் கக்கூசில் குந்தியிருந்து சுவர் வெடிப்புகளை எண்ணினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு எண்ணியதில்லை.

அடுத்தமுறை டாக்டரிடம் பிரெஞ்சில் கதைத்துத்தர வந்தது மனைவியின் தங்கை. மச்சாளிடம் இதை எப்படிச் சொல்வது? "ஒரு கரைச்சலும் இல்லையெண்டு சொல்லும்" என்றேன். டாக்டர் சந்தோஷப்பட்டு அளவைக் கூட்டிவிட்டார்.

ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினேன். எரிவு வட்டியோடு வந்தது. வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றான் முதலாளி. படியில் குந்தியிருந்த என்னைத் தவிட்டண்ணை பிடித்தார்.

"வெளியால போனனியோ?"

"போறன் அண்ணை. குளிசையை விட்டிட்டன். கால்தான் எரியுது."

"ஆரைக் கேட்டு விட்டனீ?"

"வயித்துக் கதையை டாக்டருக்கு எப்பிடிச் சொல்லுறது? மச்சாள் எல்லோ கூட வாறவ."

அவர் முகம் கறுத்துவிட்டது. "எழும்படா."

என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு நாற்பது சொற்கள். அத்தனையும் வயிற்றுக்குக் கீழே. சொல் தீர்ந்த இடத்தில் நடிப்பு. டாக்டருக்கு முன்னால் குந்தி, முக்கி, முகம் சிவந்து, வெறுங்கையை விரித்துக் காட்டினார். நான் நிலத்துக்குள் புதையப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. குளிசையைத் திடீரென்று விடக்கூடாது என்று சொல்லி, அளவைக் குறைத்து, மலத்தை இளக்கும் தூளும் எழுதித்தந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். திங்கட்கிழமை நொண்டி நொண்டியாவது போய் நின்றேன், வேலை தப்பியது.

அன்று கிளினிக்கால் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "அண்ணை, உங்களுக்கு வெக்கமே இல்லையோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி சொன்னார்: "என்ரை மனிசிக்கும் உந்தக் குளிசைதான். புற்றுநோய். டாக்டரிட்டை தெரிஞ்ச இங்கிலீசிலை நான்தான் கதைக்கிறது. 'ஒண்டுமில்லையெண்டு சொல்லுங்கோ' எண்டாள். சொன்னன். பேந்து வயித்துக்குப் பயந்து களவா நிப்பாட்டிப்போட்டு, கடைசி மாதம் முழுக்க நோவோடை கிடந்தவள். கட்டின எனக்கே சொல்ல அவளுக்கு வெக்கம். அவள் போனாப்பிறகுதான் இந்தச் சொல்லுகளைப் பாடமாக்கினன்."

அவர் பையிலிருந்த தவிட்டில் ஒரு பிடி வாங்கி வாயில் போட்டேன்.

இந்த மாரியில் அவருக்கும் அக்கி வந்து, விலாவில் நரம்புவலி. குளிசை போட்டால் குமட்டி ஓங்காளிக்கிறதாம். அதற்கு டாக்டரிடம் போனபோது அவர் செய்த கூத்து இருக்கிறதே, அந்த...

"இஞ்சாருங்கோ!" மனைவி கூப்பிடுகிறாள். "கீழ்வீட்டு அண்ணை வெறும்வயித்தில குளிசை போடப்போறாராம். கஞ்சியைக் கொண்டு ஓடுங்கோ!"

போகிறேன். தவிட்டண்ணைக்கு ஆட்கள் இல்லையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.