ஓட ஓட இடம் மாறியவர்

கம்பெனியின் சம்பளம், கணக்கு, மெயில் எல்லாம் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதால், தெருவில் அவருக்குச் சர்வர்காரர் என்றே பெயர். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு. பின்னே? பத்து சர்வர்களை இரண்டே பெட்டிக்குள் அடக்கிவிட்டாரே மனுஷன். மானேஜரே எழுந்து வந்து கைகுலுக்கினார்.

சூட்டோடு சூடாக வீட்டு விவகாரத்தையும் முடித்துவிடத் தீர்மானித்தார். அவருடைய தனி அறையைத் தையல் வகுப்புக்கு விடச்சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். அதை விட்டுக்கொடுப்பதாவது.

"இந்த ரூமைப் பத்தி இனிமே பேச்சே கிடையாது," என்றார், தன் மேஜைமுன் ஜம்மென்று உட்கார்ந்து.

"சரிங்க. ஆபீஸ்ல என்னமோ பெரிசா சாதிச்சீங்களாமே, அதைச் சொல்லுங்க."

மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பத்து மெஷினும் பாதி நேரம் சும்மாதான் கிடந்துச்சு. கரண்டு தண்டம், ஏசி தண்டம். இப்போ ஒரு சாஃப்ட்வேர் போட்டு, பத்தையும் ரெண்டே பெட்டிக்குள்ள குடிவெச்சாச்சு."

"அடேங்கப்பா. கொஞ்சம் எந்திரிங்க, பெருக்கணும். நாற்காலியை வெளியே வைங்க."

வைத்தார். வாய் மூடவில்லை. "புதுசா ஒரு சர்வர் வேணுமா? கடைக்கே போகவேணாம். உட்கார்ந்த இடத்துலயே உண்டாக்கிடலாம்."

"மேஜையை அந்தப் பக்கம் பிடிங்க." மறுமுனையை அவள் பிடித்தாள். "ஏங்க, ஒரு பெட்டியை ரிப்பேர் பார்க்கணும்னா, எல்லாத்தையும் நிறுத்தணுமா?"

என்ன கேள்வி கேட்கிறாள் பாருங்கள். சர்வர்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அங்கதான் இருக்கு சூட்சுமம். சர்வர் ஓடிக்கிட்டிருக்கும்போதே அதைப் பக்கத்துப் பெட்டிக்கு மாத்திடலாம். யாருக்கும் தெரியவே தெரியாது."

"நிஜமாவா? லேப்டாப்பையும் எடுத்துக்குங்க. பார்த்து, நிலைப்படி இடிக்கும்."

"ஒரு நொடிகூட நிக்காது, தெரியுமா?" என்று நாற்காலியில் சாய்ந்து மேஜையைத் தட்டினார். கை மிக்ஸியில் பட்டது. சுற்றிலும் பார்த்தார். சமையலறை.

அங்கே அவர் அறைக்குள் தையல் மெஷினை உருட்டிக்கொண்டிருந்தாள் மனைவி.

"என்னடி இது?"

"நீங்க சொன்னதுதாங்க. பேச்சு ஒரு நொடி நின்னுச்சா?"

நிற்கவில்லைதான். கோபம் வரவேண்டிய இடத்தில் பாழாய்ப்போன பெருமைதான் வந்தது. ஆபீசில் தலைகீழாக நின்று சொல்லியும் ஒருத்தன் மண்டையில் ஏறாதது, இவளுக்கு ஒரே தடவையில் ஏறிவிட்டதே.

"அப்போ என் ரூம்?"

"நாளைக்குக் காலையில வகுப்பு ஆரம்பம். போர்டு எழுத நேத்தே கொடுத்தாச்சு. காலை நீட்டாதீங்க, கீழே சிலிண்டர் இருக்கு."