பதினேழு வருடம் துவைக்காத சட்டை

கண்ணாடிக்காரர் வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டு அந்தச் சட்டையை வெளியே இழுத்தார். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

பின்னால் நின்ற மச்சினன் எட்டிப் பார்த்தான்.

"நல்லா வெளுத்திருக்கே அத்தான். என்ன பவுடர் போட்டீங்க?"

"டேய், இது என் கிளப் சட்டைடா!"

"ஐயையோ," என்றான் மச்சினன், சந்தோஷமாக.

கண்ணாடிக்காரர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்பியவர். தன்னுடைய கால்பந்து கிளப்பைப் பார்க்கிற பார்வையை மட்டும் அவரால் சரிசெய்துகொள்ள முடியவில்லை. மூன்றாம் டிவிஷனில் கடைசி இடத்தைச் சொந்த வீடு மாதிரி அனுபவித்து வரும் கிளப் அது. பதினேழு வருடத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கிளப்பும் தோற்பதற்குக் கிடைத்த வாய்ப்பு எதையும் லேசில் தவறவிட்டதில்லை.

அந்தச் சட்டையில் மூன்று கறைகள் இருந்தன. மூன்றும் அவருடைய முதல் சீசனில் பட்டவை. நெஞ்சில் டீக்கறை. தடுப்பாட்டக்காரர் ஒருவர் தொல்லை விட்டது என்று நடுக்கோட்டிலிருந்து தூக்கி அடித்த பந்து, எப்படியோ கோலுக்குள் போய்விட்டது. அந்த ஆனந்தத்தில் பின்வரிசைக்காரர் தன் டீயை இவர்மேல் கவிழ்த்துவிட்டார். தோளில் சேறு. கோல்கீப்பர் மழையில் பாய்ந்து விழுந்தபோது தெறித்தது. பந்து அதற்கு முன்பே உள்ளே போய்விட்டது, ஆனாலும் என்ன பாய்ச்சல்! காலருக்குக் கீழே ரத்தம். கோலை நோக்கி அடித்த பந்து பார்வையாளர் பக்கம் வந்து இவர் மூக்கைப் பதம் பார்த்த நாள் அது. அந்த சீசனில் கிளப் குறிபார்த்து அடித்ததில் உருப்படியாக ஓர் இடத்தில் போய்ப் பட்ட பந்து அது ஒன்றுதான்.

"இந்தச் சட்டையில தண்ணி படக்கூடாது," என்று அப்போதே மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே சட்டைதான். இத்தனை வெயிலுக்கும் வேர்வைக்கும் அதில் துளி நாற்றம் கிடையாது. உண்மையான விசுவாசம் நாறாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு கிளப்புக்குப் பொன்விழா. கோப்பை வைப்பதற்கென்று வாங்கிய கண்ணாடிப் பெட்டி ஐம்பது வருடமாகக் காலியாகவே கிடந்தது. இனி கோப்பையை நம்பிப் பயனில்லை என்று தெளிந்த செயலாளர், பெட்டியில் இவருடைய சட்டையை வைப்பதாக முடிவுசெய்திருந்தார். சட்டை வராவிட்டால், ஆட்டத்துக்கு ஆட்டம் விசில் ஊதுகிற இன்னொரு ரசிகரான விசில்காரரின் விசில் போய் உட்கார்ந்துவிடும். மழை வந்தால் இடைவேளையிலேயே வீட்டுக்கு ஓடுகிற ஆள் அவர்! கண்ணாடிக்காரருக்கு அதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது.

மனைவி வெள்ளிக்கிழமையே தன் அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். "கூடையில இருக்கற எதையும் தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்," என்று இன்று காலையில்கூடப் போனில் சொன்னாள். பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்யலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற நல்ல புத்தி, இன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது. கூடையை அப்படியே மெஷினில் கவிழ்த்துவிட்டார். பீரோவில் இருக்கவேண்டிய சட்டை கூடைக்கு எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட இப்போது நேரமில்லை. மணி மூன்று.

"கறைதானே அத்தான்? போட்டுட்டாப் போச்சு," என்றான் மச்சினன். தொலைக்காட்சியில் மட்டும் கால்பந்து பார்க்கிறவன், ஜெயிக்கிற அணிக்கு மட்டும் கைதட்டுகிறவன். ஆனால் இந்த நேரத்தில் வேறு யார் கிடைப்பார்கள்?

அடுப்பில் மிச்சமிருந்த டீயை நெஞ்சில் ஒரு கரண்டி ஊற்றினார். வெளிறித் தெரிந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினார். கறை நெஞ்சைத் தாண்டி வயிற்றில் இறங்கியது.

"ஒரு டம்ளர் கொட்டின மாதிரி இல்லையே. டீக்கடையே கொட்டின மாதிரி இருக்கு," என்றான் மச்சினன்.

"வாயை மூடிட்டு அந்தப் பூந்தொட்டி மண்ணை எடு."

மண்ணைக் குழைத்துத் தோளில் அப்பினார்கள். அதோடு ஒரு மண்புழுவும் வந்தது. அதை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டார்கள்.

"ரத்தத்துக்கு என்னடா பண்றது?"

"மூக்குல ஒண்ணு குத்தட்டுமா அத்தான்? ரொம்ப நாளா ஆசை."

கடைசியில் கடையிலிருந்து சிவப்பு மை வந்தது. ஒரு சொட்டு விடப்போய், ஈரத் துணியில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. மூக்கில் பட்ட அடி கொலைக் கேஸாகிவிட்டது.

மணி நாலரை. சட்டை இன்னும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். போன் அடித்தது.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"நானா? சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"நான் நேரா கிளப்புக்கே வந்துடறேன். கூடையைத் தொடலையே?"

"சேச்சே, நான் ஏன் தொடப்போறேன்?"

தீய்ந்த வாசனை வந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடினார். இஸ்திரிப் பெட்டி, சட்டையின் வயிற்றில் தன் முழு உருவத்தையும் பழுப்பு நிறத்தில் பதித்துவிட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, அந்தக் குரங்குக்கும் தீப்பிடித்த கதை.

விழாவில் நாற்பது பேர் இருந்தார்கள். கிளப்பின் ஆட்டத்துக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. செயலாளர் சட்டையைப் பெட்டிக்குள் விரித்து மாட்டி, மூடியைச் சாத்தி, மைக்கைப் பிடித்தார்.

"மூணு கறைதானே சொன்னீங்க? வயித்துல இது என்ன முக்கோணமா?"

விசில்காரர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் அவசரமாக எழுந்தார்.

"அதுவா? அது... மில் அணிக்கு எதிரா மூணு கோல் போட்டோமே, அன்னிக்குப் பட்டது. டீக்காரர் சந்தோஷத்துல சூடான கெட்டிலோட என்னைக் கட்டிப்பிடிச்சுட்டார்."

நாற்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பிறந்ததிலிருந்து ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட பாவத்துக்கு அந்த கிளப் ஆளானதில்லை. 'தொலைந்தேன்' என்று நினைத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஸ்தாபக உறுப்பினர் ஒருவர் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"மறக்க முடியுமா? மூணாவது கோல் தலையால முட்டினது."

"இல்லைங்க, இடது கால்," என்றார் விசில்காரர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "நான் பக்கத்துலதான் நின்னேன். அதுக்குத்தான் விசிலே ஊதினேன்."

"அன்னிக்குக் கொடி பிடிச்சதே நான்தான்," என்றார் செயலாளர்.

பத்தே நிமிடத்தில், நடக்காத அந்த ஆட்டத்துக்கு ஒரு மழையும், நடுவர் தர மறுத்த ஒரு பெனால்டியும் சேர்ந்துவிட்டன. கண்ணாடிக்காரருக்கே ஆட்டம் லேசாக ஞாபகம் வர ஆரம்பித்தது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவரைப் பார்த்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினேழு வருடத்தில் தன்னிடம் இருந்த ஒரே உண்மையான பொருளைத் தானே துவைத்துவிட்டு, ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எறும்புகள் வந்தன. பெட்டியின் இடுக்கு வழியாக நுழைந்து, நெஞ்சில் இருந்த டீக்கறையை நோக்கிப் போயின. அத்தனை ஒழுங்காக அவருடைய அணி ஒருநாளும் முன்னேறியதில்லை.

தோளில் பையோடு மனைவி உள்ளே வந்தாள். பெட்டியருகே போய்ச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணாடிக்காரர் அவளை ஓரமாக இழுத்துப் போனார்.

"கூடையைத் தொட்டுட்டேன். சட்டையைத் துவைச்சுட்டேன். அந்தக் கறையெல்லாம் நான் இன்னிக்குப் போட்டது. பதினேழு வருஷமும் போச்சு."

அவள் அவர் சட்டைக் கையில் ஏறிக்கொண்டிருந்த ஓர் எறும்பைத் தட்டிவிட்டாள்.

"அதுக்கு யாராவது சர்க்கரை போட்ட டீயை ஊத்துவாங்களா? பதினேழு வருஷமா வாராவாரம் துவைச்சுட்டு, நான் வெறும் டீத்தண்ணியைத்தானே ஊத்தறேன்!"